பள்ளிக்கூடத்துப் பாட்டு வாத்தியார் ஏனோக் சொன்டோங்கா

(பள்ளி இசையாசிரியர்களும் சபைப் பாடகர் குழுவினரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நான் ஒரு வாத்தியாரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். முப்பத்திரண்டு வயதில் இறந்துபோனவர். வாரநாளில் மிஷன் பள்ளிக்கூடத்தில் பாடம், மாலையில் பிள்ளைகளுக்குப் பாட்டு ஒத்திகை, ஞாயிற்றுக்கிழமை சபையில் பிரசங்கம் என்று வாழ்ந்தவர். வகுப்பில் பாடுவதற்குப் போதுமான பாட்டு இல்லையென்று தாமே எழுதினார். அப்படி 1897-இல் எழுதிய ஒரு பாட்டுத்தான் இன்று தென்னாப்பிரிக்கத் தேசிய கீதத்தின் தொடக்கப் பகுதி. தான்சானியாவின் கீதத்துக்கும் ஸாம்பியாவின் கீதத்துக்கும் அதே மெட்டு. ஜிம்பாப்வேயும் 1994 வரைக்கும் அந்த மெட்டில்தான் பாடியது. பாட்டு அச்சேறியதை அவர் பார்க்கவில்லை.

அவர் பெயர் ஏனோக் மான்காயி சொன்டோங்கா. பாட்டின் பெயர் 'இன்கோசி சிகெலெலி ஆஃப்ரிக்கா'. ஆப்பிரிக்காவை ஆசீர்வதிக்கும்படி ஆண்டவரிடம் கேட்கும் ஜெபம் அது.

அவரை விடுதலைப் போராட்டக் கவிஞர் என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. போராட்டம் பின்னால் வந்து அந்தப் பாட்டை எடுத்துக்கொண்டது. எழுதும்போது அவர் எதிரில் இருந்தது ஒரு வகுப்பு. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை எந்த உச்சம் வரைக்கும் போகும், எந்த இடத்தில் மூச்சு வாங்கும், எத்தனை தடவை கேட்டால் மனத்தில் நிற்கும் என்பதெல்லாம் தெரிந்த ஒருவர் கட்டிய பாட்டு அது. இத்தனை நாடுகளுக்கு அது போனதற்கு அந்த வாத்தியார் கைதான் முதற்காரணம் என்று நான் நம்புகிறேன். இசையாசிரியர்கள் கூடியிருக்கும் இந்த இடத்தில் அதைச் சொல்லத்தான் வந்தேன்.

1873 வாக்கில், தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் பகுதியில் யூட்டன்ஹேக் என்ற ஊரில் பிறந்தவர். கோசா இனத்தில் இம்பிங்கா குலம். ஆசிரியப் பயிற்சி பெற்றது லவ்டேல் கல்விநிலையத்தில். கிளாஸ்கோ மிஷனரி சங்கத்தார் 1824-இல் தொடங்கிய மிஷன் தலம் அது. பிற்பாடு பள்ளி, ஆசிரியப் பயிற்சி, அச்சுக்கூடம் எல்லாம் அங்கே வந்துவிட்டன. கோசா மொழியில் படித்தவர்கள் பலர் அந்த வாசலைத் தாண்டித்தான் வந்தார்கள். சொன்டோங்காவுக்கு முன்பே அங்கே ஒரு பாட்டு மரபு இருந்தது. இன்ட்சிகானா என்பவர் மிஷன் பள்ளியில் படிக்காமலே கோசா மொழியில் தேவனைப் பாடியவர், 1821-இல் இறந்தவர். ஜான் நாக்ஸ் பொக்வே என்ற லவ்டேல்காரர் அந்தப் பாட்டை எழுத்தில் இறக்கி அச்சிட்டார். தியோ சோகா என்ற போதகர் எழுதிய ஞானப்பாட்டு சபைதோறும் பாடப்பட்டது. ஆகவே, நம் மொழியில் நாமே எழுதலாம் என்ற துணிச்சல் சொன்டோங்காவுக்குப் பயிற்சிக் காலத்திலேயே கிடைத்திருக்க வேண்டும். வெள்ளைக்காரர் மெட்டில் மொழிபெயர்த்த பாட்டை மட்டும் பாடுகிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. சொல்லின் ஏற்ற இறக்கம் ஒரு பக்கம் இழுக்கும், மெட்டு இன்னொரு பக்கம் இழுக்கும். குறிலை நீட்டியும் நெடிலைக் குறுக்கியும் பாமாலை பாடிப் பழகிய உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோசாவில் குரலின் உயரம் மாறினால் சொல்லின் பொருளே மாறிவிடும் என்பதால் அங்கே சங்கடம் இன்னும் அதிகம்.

படிப்பு முடிந்ததும் ஜோஹானஸ்பர்க் பக்கம் நான்ஸ்ஃபீல்டில் ஒரு மெதடிஸ்ட் மிஷன் பள்ளிக்கு ஆசிரியராகப் போனார். 1886-இல் தங்கம் கண்டெடுக்கப்பட்ட பிறகு முளைத்த நகரம் ஜோஹானஸ்பர்க். பத்தே வருடத்தில் சுமார் ஒரு லட்சம் பேர் குவிந்துவிட்டார்கள். கிராமத்து மந்தையை விட்டுச் சுரங்கத்துக்கு வந்த ஆண்கள், பின்னாலேயே வந்த குடும்பங்கள், பல மொழிகள் பேசும் பிள்ளைகள். இப்படிப்பட்ட ஊரில் பள்ளி வாத்தியார் வெறும் வாத்தியாராக இருக்க முடியாது. கடிதம் எழுதித் தருவார், சாவுக்கு ஜெபம் பண்ணுவார், கல்யாணத்துக்குப் பாட்டுக் கட்டுவார். நம் திருநெல்வேலிச் சீமைக் கிராமங்களில் உபதேசியாரே வாத்தியாராகவும் இருந்த காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலைகளோடு சொன்டோங்கா புகைப்படமும் எடுப்பார்.

அவர் மனைவி டயானா, ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் சபைப் போதகர் ஒருவருடைய மகள். ஒரு மகன் பிறந்தான். சொன்டோங்கா வேலை பார்த்தது மெதடிஸ்ட் பள்ளியில். பிரசங்கித்ததோ பம்பானி ஜெரமையா முசிம்பாவின் சபையில். முசிம்பா லவ்டேல் சபையின் போதகராக இருந்தவர். ஸ்காட்லாந்து மிஷனரிகளை விட்டு 1898-இல் விலகி, ஆப்பிரிக்கரே நடத்தும் பிரெஸ்பிட்டேரியன் சபையைத் தொடங்கினார். பைபிளையும் ஞானப்பாட்டையும் கைவிடாமல், சபையை நடத்துவது யார் என்ற கேள்வியை மட்டும் எழுப்பியவர்கள் அவர்கள். சொன்டோங்கா தம் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்தது அங்கேதான். பாட்டில் ஆப்பிரிக்கா என்ற முழுக் கண்டத்துக்காகவும் ஒரு பள்ளி வாத்தியார் மன்றாடத் துணிந்ததை இதோடு சேர்த்துத்தான் நான் பார்க்கிறேன். தம் இனத்துக்காக மட்டுமோ, தம் ஊருக்காக மட்டுமோ அவர் கேட்கவில்லை.

இனிப் பாட்டு வகுப்புக்கு வருவோம். அவர் ஸ்டாஃப் நொட்டேஷனில் எழுதவில்லை, சோல்ஃபாவில் எழுதினார். நம் சபைப் பாடகர் குழுக்களிலும் ஐந்து கோடு படிக்கத் தெரியாமல் சோல்ஃபாவை மட்டும் வைத்து நாலு குரலும் பாடிவிடும் பெரியவர்கள் இருக்கிறார்கள். இளையவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டோ, ரே, மி, ஃபா, சோ, லா, டீ என்ற ஏழுக்கும் முதலெழுத்து மட்டும் போதும். சுருதி எதுவானாலும் அதன் ஆதாரம் டோ. நமக்கு ஷட்ஜம் எந்தக் கட்டையிலும் வைக்கலாம் அல்லவா, அதே ஏற்பாடு. தாளத்தின் ஒவ்வொரு அடியையும் பிரிக்க முக்காற்புள்ளி, நீட்டலுக்குச் சிறு கோடு, பாதி அடிக்கு ஒரு புள்ளி. அவ்வளவுதான்.

இந்த முறைக்கு வித்திட்டவரும் ஒரு சபைப் பெண்தான். இங்கிலாந்தில் நார்விச் ஊரைச் சேர்ந்த சாரா குளோவர், ஒரு குருவானவரின் மகள். ஏழைப் பிள்ளைகள் ஆலயத்தில் ஒழுங்காகப் பாட வேண்டும் என்று முறையை உருவாக்கி 1835-இல் புத்தகம் போட்டார். ஓய்வுநாள் பள்ளிகளில் பாட்டுச் சொல்லித்தர எளிய வழி தேடும்படி 1841-இல் ஜான் கர்வென் என்ற போதகரிடம் பொறுப்புக் கொடுக்கப்பட்டது. அவர் அந்தப் புத்தகத்தை எடுத்து மாற்றங்கள் செய்து உலகமெங்கும் பரவச் செய்தார். கைச்சைகைகளைச் சேர்த்தவரும் கர்வென்தான். டோ என்றால் மூடிய முஷ்டி, மி என்றால் உள்ளங்கை கீழே பார்க்கப் படுத்த கை, டீ என்றால் மேலே காட்டும் ஆள்காட்டி விரல். பியானோ வேண்டாம், ஆர்மோனியம் வேண்டாம். கரும்பலகையும் கையும் இருந்தால் வகுப்பு நடக்கும். அச்சுக்கூடத்துக்கும் இசைக்கான தனி எழுத்து வேண்டாம், பைபிள் அச்சிட்ட அதே எழுத்தே போதும். மிஷன் பள்ளிகள் சோல்ஃபாவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இந்தச் சிக்கனம். இதற்கு மேலாக இன்னொன்றும் நடந்தது. எழுதத் தெரிந்த எந்த ஆப்பிரிக்க ஆசிரியரும் நாலு குரலுக்கும் இசையமைக்கலாம் என்றாயிற்று. காகிதமும் பென்சிலும் கிடைத்தால் ஆயிற்று.

சொன்டோங்காவிடம் இருந்ததும் ஒரு பயிற்சி நோட்டுத்தான். சொல்லும் சோல்ஃபாவும் சேர்த்துத் தம் பாடல்களை அதில் எழுதிவைத்தார். பள்ளிகளுக்கேற்ற பாட்டு அச்சில் கிடைக்காததால் தம் பிள்ளைகளுக்காக அவர் எழுதினார் என்றும், அந்தப் பாடல்கள் பெரும்பாலும் சோகம் தோய்ந்தவை, தம் மக்கள் படும் பாட்டைச் சொல்பவை என்றும் பிற்காலத்தில் கோசா அறிஞர் டி. டி. டி. ஜபாவு குறித்திருக்கிறார். அந்தப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கச்சேரியும் நடத்தினார் வாத்தியார்.

1897-இல் அவர் எழுதியது முதல் சரணமும் பல்லவியும்தான். பி ஃப்ளாட் மேஜர், நாலு குரல். வேல்ஸ் நாட்டு ஜோசப் பாரியின் 'அபெரிஸ்ட்வித்' என்ற மெட்டிலிருந்து எடுத்தது என்று சிலர் சொல்வதுண்டு. பாரியின் மெட்டு மைனர், சொன்டோங்காவினுடையது மேஜர். இரண்டையும் பாடிப் பார்த்த எனக்கு அந்தப் பேச்சு ஒட்டவில்லை. ஞானப்பாட்டின் பொது நடை இரண்டிலும் இருக்கிறது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

பாட்டை வாத்தியார் கண்ணோடு பாருங்கள். வரிகள் சின்னவை. சொன்ன வரி திரும்ப வருகிறது. முதல் தடவை தடுமாறுகிற பிள்ளை இரண்டாம் தடவை சேர்ந்துகொள்ளும். மெட்டு பெரும்பாலும் படிப்படியாக ஏறி இறங்குகிறது. குதிக்கிற இடத்தில் பேஸ் குரல் உறுதியாக நின்று தாங்குகிறது. பல்லவியில்தான் அழகு. பரிசுத்த ஆவியானவரை இறங்கி வரச் சொல்லிக் கூப்பிடுகிற இடம் அது. மேல் குரல்கள் கூப்பிடும், கீழே ஆண் குரல்கள் அதையே வாங்கித் திருப்பிச் சொல்லும். முன்னால் ஒருவர் பாடக் கூட்டம் எதிர்ப்பாட்டுப் பாடுவது அந்த நாட்டு வழக்கம். வெள்ளைக்கார ஞானப்பாட்டின் கட்டுக்குள் அந்த வழக்கத்தை அவர் சத்தமில்லாமல் வைத்துவிட்டார். இப்படிப்பட்ட இடத்தில் பாட்டுத் தெரியாதவன்கூட வாயை மூடிக்கொண்டு நிற்க மாட்டான். புதிதாய் வருகிறவன் உடனே சேர்ந்து பாடும்படி ஒரு பாட்டைக் கட்டுவது எவ்வளவு பெரிய வித்தை என்பது வகுப்பில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

1899-இல் பொவெனி என்ற மெதடிஸ்ட் போதகரின் குருப்பட்ட ஆராதனையில் அது முதன்முதலாக வெளியில் பாடப்பட்டது.

சொன்டோங்கா இறந்தது 1905 ஏப்ரல் 18. 'இம்வோ சபான்ட்சுண்டு' என்ற கோசா பத்திரிகையில் ஒரு சிறு அறிவிப்பு வந்தது. பெரிய நோய் என்று ஏதுமில்லை, அவ்வப்போது வயிற்றுவலி வரும், வரும்போது தம் நாள் முடியப்போகிறது என்று சொல்வார் என்கிறது அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் முசிம்பாவின் சபைக்குப் போகவில்லை. வீட்டில் இருந்து, மனைவியைப் படம் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டிருக்கிறார். ஒரு ஞாயிறு ஆராதனைக்கு வராதது பத்திரிகைக் குறிப்பில் இடம்பெறும் அளவுக்கு அவர் சபைக்கு ஒழுங்காகப் போனவர் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

நோட்டு என்ன ஆயிற்று? பாடகர் குழுக்காரர்கள் வந்து வந்து இரவல் வாங்கிப் பிரதி எடுத்தார்கள். பாட்டின் உரிமையை டயானா ஆறு பென்னிக்கு விற்றுவிட்டதாகவும் சொல்வார்கள். கடைசியில் நோட்டே காணாமல் போயிற்று. அதில் இருந்த மற்றப் பாடல்கள் எப்படி இருந்தன என்று நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை. இங்கே உட்கார்ந்திருக்கும் எத்தனை ஆசிரியர்கள் பள்ளி ஆண்டுவிழாவுக்கும் கிறிஸ்துமஸ் பவனிக்கும் பாட்டுக் கட்டியிருக்கிறீர்கள்! அவற்றில் எத்தனைக்கு உங்கள் பெயர் எழுதிய தாள் ஒன்றாவது இருக்கிறது? தயவுசெய்து எழுதிவையுங்கள், தேதி போடுங்கள், பள்ளி நூலகத்தில் ஒரு பிரதி கொடுங்கள்.

நோட்டு போனாலும் பிரதி எடுத்தவர்கள் பாட்டைக் காப்பாற்றினார்கள். ஜான் டூபே நடத்திய ஓலாங்கே பள்ளியின் ஜூலு பாடகர் குழு ஜோஹானஸ்பர்க் கச்சேரிகளில் பாடிப் பிரபலமாக்கியது. பின்னாளில் ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் என்று பெயர் மாறிய அமைப்பு 1912 ஜனவரி 8 அன்று ப்ளூம்ஃபான்டீனில் தொடங்கியபோது, முடிவு ஜெபத்துக்குப் பிறகு இதைப் பாடினார்கள். 1925-இல் கூட்டம் முடிக்கும் கீதமாக அதை ஏற்றுக்கொண்டார்கள். 1923 அக்டோபர் 16 அன்று லண்டனில் எழுத்தாளர் சால் பிளாட்யே பாட, சில்வியா கொலென்சோ பியானோ வாசிக்க, முதல் இசைத்தட்டு பதிவாயிற்று. கவிஞர் சாமுவேல் முக்காயி மேலும் ஏழு சரணங்கள் எழுதிச் சேர்க்க, பாட்டு 1927-இல் வெளியானது. மோசஸ் இம்பாலேலே செசோத்தோ மொழியில் தந்தது 1942-இல். இன ஒதுக்கல் ஆட்சி வந்தபின் அரசாங்கம் இந்தப் பாட்டைச் சந்தேகத்தோடு பார்த்தது. ஜனங்கள் சாவு வீட்டிலும் கல்லறையிலும் பாடினார்கள். இடுகாட்டில் ஜெபப்பாட்டுப் பாடுகிறவர்களை என்ன சொல்லித் தடுக்க முடியும்?

1994-இல் நெல்சன் மண்டேலா ஆட்சிக்கு வந்த சமயத்தில் பழைய வெள்ளையர் ஆட்சியின் கீதமும் இதுவும் இரண்டுமே தேசிய கீதங்கள் என்று அறிவித்தார்கள். 1997-இல் இரண்டையும் இணைத்து ஐந்து மொழிகளில் ஒரே கீதம் ஆக்கினார்கள். அந்த இணைப்பில் பரிசுத்த ஆவியானவரை அழைக்கும் பகுதி விடப்பட்டது. எல்லா மதத்தாரும் பாட வேண்டிய அரசாங்கக் கீதம், நேரமும் குறைவு. காரணம் எனக்குப் புரிகிறது, தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் பாட்டைக் கட்டிய வாத்தியாரின் கைத்திறன் முழுதாகத் தெரிகிற இடம் அதுதான். அவருடைய விசுவாசத்தின் நடுப்பகுதியும் அதுதான். மைதானத்தில் கீதம் கேட்டுவிட்டுச் சொன்டோங்காவைத் தெரிந்துகொண்டோம் என்று நினைக்கக் கூடாது. அங்குள்ள சபைகளில் பழைய முறையில் பாடுவதைக் கேட்க வேண்டும்.

அவருடைய கல்லறையும் வெகுகாலம் தெரியாமலே கிடந்தது. ஜோஹானஸ்பர்க் பிராம்ஃபான்டீன் இடுகாட்டில் ஆப்பிரிக்கருக்கு ஒதுக்கிய பகுதியில் அடக்கம் செய்திருந்தார்கள். 1990-களில் தேடியபோது சொன்டோங்கா என்ற பெயரில் பதிவேட்டில் ஒன்றும் கிடைக்கவில்லை. 'ஏனோக்' என்ற முதற்பெயரின் கீழ்த்தான் பதிந்திருந்தார்கள். ஆப்பிரிக்கரின் குடும்பப் பெயரைக் கேட்டு எழுதும் அக்கறை அன்றைய குமாஸ்தாவுக்கு இல்லை. கண்டுபிடித்த பிறகு 1996 செப்டம்பர் 24 அன்று அந்த இடம் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. நினைவுக்கல்லை மண்டேலாவே திறந்துவைத்தார்.

அதே பிராம்ஃபான்டீன் இடுகாட்டில்தான் நம் தில்லையாடி வள்ளியம்மையும் சாமி நாகப்பனும் அடக்கமாகியிருக்கிறார்கள். காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, வெளியில் வந்த சில நாட்களில் நாகப்பன் 1909 ஜூலையிலும் வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22-இலும் உயிர்விட்டவர்கள். வள்ளியம்மை பிறந்ததே ஜோஹானஸ்பர்க்கில்தான், பதினாறு வயது. அவர்கள் கல்லறைக்குக் காந்தியடிகள் 1914 ஜூலையில் நினைவுக்கல் நாட்டினார். தில்லையாடியில் மணிமண்டபம் பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். ஜோஹானஸ்பர்க் போகும் வாய்ப்புக் கிடைத்தால் வள்ளியம்மை கல்லறைக்குப் போய்விட்டு, அப்படியே ஏனோக் வாத்தியார் கல்லறைக்கும் போய்வாருங்கள். இரண்டும் ஒரே மதிற்சுவருக்குள்தான்.

அடுத்து நம் குழுவினர் பாட்டைப் பாடப் போகிறார்கள். கோசாவில் முதல் சரணம், அதன்பின் 1997-இல் விடப்பட்ட பல்லவி. பேஸ் பாடும் அண்ணன்மாருக்குச் சோல்ஃபா தாள் கொடுத்திருக்கிறேன். மேல் குரல் கூப்பிட்டு முடித்த பிறகு நீங்கள் எடுத்தால் தாமதமாகிவிடும். அது இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே நீங்கள் உள்ளே வந்துவிட வேண்டும். ஆசிரியர்கள் அந்த இடத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள், உங்கள் வகுப்புக்குச் சொல்லித்தர உதவும். சுருதி பி ஃப்ளாட்.